நிழல்ல நின்ன ரெண்டு பேர்

டேய் முரளி,

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவல, சின்னவ பத்தாவது போயிட்டா. சரி அத விடு, ஏசு கதைய ராக் பாட்டாவே சொல்ற ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார் பத்தி உன்கிட்ட சொல்லியே ஆகணும், பாபுகிட்ட சொன்னா மறுபடி அந்த கித்தார் கதைய ஆரம்பிச்சிடுவான்.

நாம கேசட் தேயத் தேயக் கேட்டது 1970 ஆல்பம், அதுல ஏசுவா பாடுனது டீப் பர்ப்பிள் ராக் பேண்ட் பாடகர் இயன் கில்லன். நீ சாகுற வரைக்கும் கில்லன் கட்சிதான், தெரியும்டா. ஆனா 1973 படத்துல ஏசுவா வர்ற டெட் நீலி யாருன்னு நினைக்கிற? 1971ல நியூயார்க் பிராட்வேல நாடகம் போட்டப்ப கூட்டத்துல ஒருத்தரா நின்னவர், ஏசு வேஷக்காரருக்கு முடியலன்னா மட்டும் அந்த வேஷம் கட்ற மாற்று நடிகர். யூதாஸா வர்ற கார்ல் ஆண்டர்சனும் அதே கதைதான், பென் வெரீனுக்கு மாற்று. அந்த ரெண்டு பேரையும் பிடிச்சு மெயின் ரோல் குடுத்தார் பாரு டைரக்டர் நார்மன் ஜூவிசன், எனக்கு அந்த மனுஷன கையெடுத்துக் கும்பிடணும் போல இருக்கு. ரெண்டு பேருக்குமே கோல்டன் குளோப் நாமினேஷன் வந்துச்சு!

இன்னொன்னு கேளு, படம் எடுக்கச் சொல்லி ஜூவிசன் காதுல போட்டதே நம்ம பிலாத்து வேஷக்காரர் பேரி டென்னன்தான். ஃபிட்லர் ஆன் தி ரூஃப் படத்துல அவர்கிட்ட நடிச்சிட்டு இருந்தப்போ இந்த ஆல்பத்தப் பத்திச் சொல்லிருக்கார். அப்புறம் 1972ல இஸ்ரேல் பாலைவனத்துல ஷூட்டிங், பாட்டெல்லாம் முன்னாடியே லண்டன்ல ரெக்கார்ட் பண்ணிட்டாங்க, அங்க போய் வாயசைப்புதான். ஆனா கெத்சமனே பாட்டுல நீலி கழுத்து நரம்பப் பாரு, வாயசைப்புன்னு எவனாவது சொல்லுவானா? யூதாஸ ராணுவ டாங்கிங்க துரத்துற சீன நீ ஓவர்னு சொல்லுவ, எனக்கு அதான் படத்துலயே பெஸ்ட், அவன் மேல ஏறுன பாரம் அப்படியே கண்ணுக்குத் தெரியுது.

படத்துக்கு அப்புறமும் ரெண்டு பேரும் நண்பங்கடா, 90கள்ல இதே வேஷத்துல ஊர் ஊரா சேர்ந்து மேடை ஏறிருக்காங்க. 2004ல லுக்கீமியா, அதான் ரத்தப் புற்றுநோய், ஆண்டர்சனக் கொண்டுபோயிடுச்சு, 58 வயசுதான். நீலி அதுக்கப்புறமும் ஏசுவா மேடை ஏறுனார், எதிர்ல வேற யூதாஸ். ரவி இல்லாம நாம இப்ப பாடுறோமே, அந்த மாதிரி எப்படி நின்னாரோ.

பொங்கலுக்கு வர்றல்ல, அப்போ சேர்ந்து பார்ப்போம், கில்லன் பேச்ச அன்னிக்கு மட்டும் எடுக்காத.

உன்
சிவா