வன்னியின் பிரதேச சபைகளுக்கு: முதலில் ஊரை எழுதி வையுங்கள்

வன்னிப் பெருநிலப்பரப்பின் பிரதேச சபைகளுக்கு 2025 மே 6 அன்று தெரிவான தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

முல்லைத்தீவு மாவட்டத்தின் மேற்கே, மல்லாவிக்கு உட்பக்கமாக உள்ள ஒரு குளத்தடிக் கிராமத்தில் இருந்து எழுதுகிறேன். கமம் செய்கிறேன், எங்கள் சனசமூக நிலையத்தின் நிர்வாகத்திலும் இருக்கிறேன். தேர்தல் நேரம் உங்களில் சிலர் எங்கள் படலைக்கு வந்தீர்கள். றோட்டு, தெருவிளக்கு, யானை என்று ஆளாளுக்குச் சொன்னோம். நீங்களும் குறித்துக்கொண்டு போனீர்கள். அவை எல்லாவற்றுக்கும் முன்னுக்குச் செய்யவேண்டிய ஒன்றைக் கேட்கத்தான் இந்த மடல். உங்கள் சபையின் எல்லைக்குள் என்னென்ன இருக்கிறது என்பதை ஒழுங்கை ஒழுங்கையாக, கிணறு கிணறாக, சுடலை சுடலையாக எழுதி, ஊர்ச்சனம் பார்க்கக்கூடிய இடத்தில் வையுங்கள்.

கடதாசி வேலைதானே என்று சிலர் நினைக்கலாம். உங்கள் பதவிக்காலம் முழுவதும் கையைக் கட்டப்போவதும் அவிழ்க்கப்போவதும் இந்தக் கடதாசிதான் என்று நான் நம்புகிறேன்.

றோட்டையே எடுங்கள். உட்கிராமம் ஒன்றில் பிள்ளைத்தாச்சி ஒருத்திக்கு இரவில் வயிற்றுநோ வருகிறது. ஓட்டோவில் ஏற்றி மல்லாவி ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டு வாசலில் இருப்பது ஒழுங்கை. அது சபையுடையது, அதுவும் பதிவில் இருந்தால். அடுத்து குளக்கட்டு. பெரிய குளமென்றால் நீர்ப்பாசனத் திணைக்களம், சின்னக் குளமென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம். அதைத் தாண்டினால் வாய்க்கால் கரைப் பாதை. பிறகு மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் கிரவல் றோட்டு. கடைசியில்தான் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் தார் றோட்டு. ஓட்டோ ஒன்று, நோவு ஒன்று, ஆனால் பாதைக்கு நாலைந்து சொந்தக்காரர். மாரியில் எந்தக் கிடங்கில் சில்லுப் புதைந்தாலும், அது தங்களுடையது இல்லை என்று ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்ட இடமிருக்கிறது.

சபையின் நிலை இதைவிடச் சிக்கல். சபைக்குரியதாக அரச வர்த்தமானியில் வராத ஒழுங்கைக்குச் சபை நிதியைச் செலவழித்தால் கணக்காய்வில் கேள்வி வரும். அதனால் ஒரு செயலாளர் கையெழுத்துப் போடத் தயங்கினால் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த ஒழுங்கையை அளந்து, பெயரிட்டு, வர்த்தமானிக்கு அனுப்பாமல் விட்ட காலத்தைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சில ஒழுங்கைகளுக்கு இன்றைக்கும் பெயர் கிடையாது. இன்னாருடைய வளவடி, பாலைமரத்தடி என்றுதான் வழி சொல்கிறோம்.

இவ்வளவு காலமும் எழுதாமல் விட்டதற்குக் காரணம் உண்டு, அதை நீங்களும் அறிவீர்கள். பழைய கிராம சபைகள் 1981 இல் போய் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் உருவானபோது இங்கே போர். சபை என்ற பெயர் இருந்தது, எங்கள் வாக்கில் வந்த சபை இருக்கவில்லை. கரைதுறைப்பற்றுக்கும் புதுக்குடியிருப்புக்கும் போருக்குப் பின் முதலாவது சபைத் தேர்தல் 2018 பெப்ரவரி 10 அன்றுதான் வந்தது. அந்தச் சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் 9 ஆம் திகதி நடக்கவேண்டிய தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போய், இரண்டு வருடத்துக்கு மேல் செயலாளர்களே சபைகளை நடத்தினார்கள். ஆகவே உங்களுக்கு முன்னால் அதிகம் பேர் இருந்து பிழைவிட்டுப் போகவில்லை. தொடங்கவேண்டிய இடத்தில் நிற்பவர்கள் நீங்கள்தான்.

எங்கள் ஊர்கள் உண்டான விதமும் ஒரு காரணம். பாலியாற்றை மறித்துக் கட்டிய வவுனிக்குளம் ஆதிகாலத்துக் குளம். காடு மூடிக் கிடந்ததை 1950களில் திருத்தினார்கள். அதை நம்பி யாழ் குடாநாட்டிலிருந்து குடும்பங்கள் வந்தன. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்துச் சனம் வன்னிக்கு வந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தது. மறு வருடம் கிளிநொச்சியும் இடம்பெயர்ந்தது. அப்போது மல்லாவி ஒரு நகரத்தின் சுமையைத் தாங்கியது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் இங்கே ஆஸ்பத்திரியில் நின்று வேலை செய்தார்கள். மரங்களுக்குக் கீழே கொட்டில்கள் எழுந்தன. சனம் நடந்து நடந்து ஒழுங்கைகள் உண்டாகின. பிறகு 2008 இல் போர் நெருங்கியபோது நாங்களே எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிழக்கே போனோம். செட்டிகுளத்து முகாம்களில் இருந்து திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, கந்தோர்களில் பழைய பதிவேடுகளும் இல்லை.

திரும்பி வந்தபோது இருந்தது காடு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கேட்கும் பதிவேட்டின் முழுப் பெறுமதியும் இங்கேதான் தெரியும். ஆளில்லாத காலத்தில் பற்றை மூடிய பழைய வயல்களும் குடியிருப்புகளும் வனப் பகுதியாக அடையாளமிடப்பட்டு எல்லைக்கல் நடப்பட்டதை வன்னியின் பல கிராமங்கள் பார்த்திருக்கின்றன. எங்கள் அப்பு ஆட்கள் வெட்டிய வயல் என்று ஒரு கமக்காரன் சொன்னால், ஆதாரம் எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி. உறுதி எரிந்துபோயிருக்கும், அரசு தந்த காணிப் பெர்மிற் தொலைந்துபோயிருக்கும். ஆனால் அந்த வயலுக்குப் போன ஒழுங்கை, பக்கத்தில் இருந்த பொதுக்கிணறு, செத்தவர்களை எரித்த சுடலை, இவை பொதுச் சொத்துகள். இவை அங்கே இருந்தன என்று ஒரு மக்கள் சபை எழுதி, தீர்மானமாக நிறைவேற்றி வைத்திருந்தால், அந்த ஒற்றைக் கமக்காரனுக்குப் பின்னால் ஒரு சபை நிற்கும். காணிப் பிரச்சினையைத் தீர்க்கும் அதிகாரம் உங்களிடம் இல்லை. சாட்சி சொல்லும் தகுதி உங்களுக்கு உண்டு. பழைய கிணற்றின் கட்டு எங்கே புதைந்திருக்கிறது என்று காட்டக்கூடிய கிழவன் கிழவியர் இன்னும் சில பேர் இருக்கிறார்கள். அவர்கள் கால் நடக்கும்போதே கேளுங்கள்.

எங்களைப் பற்றிய விபரம் ஏற்கெனவே இருக்கிறதே என்று யாராவது சொல்லக்கூடும். இருக்கிறதுதான். மாவட்டச் செயலகத்தின் புள்ளிவிபரக் கைந்நூல் இருக்கிறது, தொண்டு நிறுவனங்கள் எடுத்த கணக்குகள் இருக்கின்றன. 2012 குடித்தொகைக் கணக்கெடுப்பில் முல்லைத்தீவு மாவட்டம் முழுவதிலும் ஏறத்தாழ 92,000 பேர். அப்போது நாட்டிலேயே ஆகக்குறைந்த சனத்தொகை கொண்ட மாவட்டம் இதுதான், சதுர கிலோமீற்றருக்கு 40 பேர்கூட இருக்கவில்லை. நகர சபை என்று ஒன்றுமே இல்லை, நான்கு பிரதேச சபைகள்தான். இவை உண்மையான தகவல்கள், தேவையானவையும்கூட. ஆனால் தென்னியன்குளத்துக்கும் ஐயன்கன்குளத்துக்கும் புத்துவெட்டுவானுக்கும் கோட்டைகட்டியகுளத்துக்கும் இடையில் எவ்வளவு காடு இருக்கிறது, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை எந்த இடத்தில் யானைக்குப் பயந்து நிற்கிறது என்பது அந்த அட்டவணைகளில் வராது. சனம் ஐதாக இருப்பதால் ஒரு ஆளுக்கு இத்தனை மீற்றர் றோட்டு என்று கணக்குப் பார்த்தால் எங்களுக்கு அதிகம் இருப்பதுபோலத் தோன்றும். அந்த றோட்டில் மார்கழியில் நடந்து பார்த்தால்தான் விளங்கும்.

ஆகவே எழுதும்போது பருவத்தோடு சேர்த்து எழுதுங்கள். குளம் வான் பாய்ந்தால் எந்த ஒழுங்கை மறிபடுகிறது, எத்தனை வீடு அந்தப் பக்கம் மாட்டுப்படுகிறது. ஆவணியில் எந்தப் பொதுக்கிணறு வற்றுகிறது, எது வற்றாமல் நிற்கிறது, எதன் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. காலபோக நெல் கதிர் முற்றும்போது யானை எந்தப் பக்கத்தால் இறங்குகிறது; அங்கே தெருவிளக்கு இருக்கிறதா. கச்சானும் உழுந்தும் கொண்டுவரும் பெண்கள் சந்தையில் எங்கே குந்தியிருந்து விற்கிறார்கள், அவர்களுக்கு ஒரு மலசலகூடம் உண்டா. சுடலைக்குப் பாதை இருக்கிறதா, மழைக்குப் பிணத்தை வைக்க ஒரு கொட்டகை இருக்கிறதா. மழையில் நனைந்த விறகோடு ஒரு குடும்பம் சுடலையில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, இந்தக் கடைசிக் கேள்வியை ஏன் சேர்த்தேன் என்று விளங்கும்.

காசு பற்றியும் சொல்ல வேண்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு சபையின் சொந்த வருமானம் என்பது சோலைவரி, வியாபார உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை, காணி கைமாறும்போது வரும் முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் போன்றவை. நகரத்துச் சபைக்கு முத்திரைத் தீர்வையே பெரிய வரவு. எங்களிடம் இருப்பதில் பெரும்பங்கு 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிற் காணி. நினைத்தபடி விற்கவும் முடியாது, எழுதவும் முடியாது. ஆகவே சபைக்கு அதனால் வரவும் இல்லை. கடைத்தெரு சிறியது, சோலைவரிக்கும் இடம் குறைவு. அதனால் வெளியிலிருந்து வரும் நிதியைத்தான் நம்பியிருக்கப் போகிறீர்கள். அந்த நிதிக்கு ஆண்டுக் கடைசியில் அவசரமாகத் திட்டம் கேட்பார்கள். அந்த நேரம் கையில் பட்டியல் இல்லாத சபை, தெரிந்தவருடைய ஒழுங்கையைக் கொடுக்கும். பட்டியல் வைத்திருக்கும் சபை, முதலாவதாக நிற்கும் ஒழுங்கையைக் கொடுக்கும். வட்டாரத்துக்கு வட்டாரம் கட்சி பார்த்து வேலை நடக்கிறது என்ற கதைக்கும் அப்போது இடமிருக்காது.

செய்வது பெரிய செலவில்லை. சபை தன் குழுக்களில் ஊரவரையும் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு ஒவ்வொன்றிலும் இரண்டு பேரைக் கேளுங்கள், வருவார்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நிற்கும் பிள்ளைகளிடம் கைத்தொலைபேசி இருக்கிறது. ஒழுங்கையின் நீளத்தையும் வளைவையும் நடந்தே வரைபடத்தில் பதிந்து தருவார்கள். உறுப்பினர்களில் குறைந்தது 25 வீதம் பெண்கள் இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தச் சகோதரிகளிடம் தனியாக ஒரு வேண்டுகோள்: கிணறு, சந்தை, முன்பள்ளி, இருட்டு றோட்டு, இவற்றை நீங்களே முன்னின்று எழுதுங்கள். துணையில்லாமல் தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் எங்கள் ஊர்களில் நிறைய. வேற்று ஆம்பிளை ஒருவர் கொப்பியோடு வந்தால் அவர்கள் வாசலோடு நிறுத்திவிடுவார்கள். உங்களுக்குப் பாய் விரிப்பார்கள்.

எழுதி முடிந்ததை சபைக் கந்தோரின் அலுமாரியில் பூட்டவேண்டாம். நூலகத்தில் ஒரு பிரதி, ஒவ்வொரு சனசமூக நிலையத்திலும் அந்தந்த ஊரின் பக்கங்கள், தமிழில், வாசிக்கக்கூடிய எழுத்தில். பிழையிருந்தால் ஊரவர் சொல்லித் திருத்தட்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 இல் வந்துவிட்டது. ஆனால் எங்கள் ஊரின் விபரத்தை நாங்களே விண்ணப்பம் எழுதிக் கேட்டு வாங்கும் நிலையை வைக்காதீர்கள்.

நான் கேட்பது இதைத்தான். அடுத்த அமர்விலேயே இதை ஒரு பிரேரணையாகக் கொண்டுவாருங்கள். தார் றோட்டுக் கரையில் தொடங்காமல், ஆக உள்ளுக்குள்ள கிராமத்தில் தொடங்குங்கள். சிறுபோகம் அறுத்த பிறகு ஆவணியில் ஒருமுறையும், தண்ணீர் நிற்கும் மார்கழியில் ஒருமுறையும் நடக்கவேண்டும். விதைப்பும் அரிவிவெட்டும் நடக்கும் கிழமைகளைத் தவிருங்கள், வீடுகளில் ஆட்கள் இருக்கமாட்டார்கள். நீங்கள் வரும் நாளை ஒரு கிழமைக்கு முன்னமே கோயில் ஒலிபெருக்கியிலும் சங்கக் கடையிலும் அறிவியுங்கள். எங்கள் ஊருக்கு வரும் நாளில் குளக்கட்டிலிருந்து பழைய சுடலை வரை வழிகாட்ட ஆட்களை நாங்கள் ஒழுங்குசெய்கிறோம். மத்தியானச் சாப்பாடு எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
துணுக்காய்ப் பிரதேசத்தில் உள்ள ஒரு சனசமூக நிலையத்தின் நிர்வாக உறுப்பினர்