எலியின் பெயரில் ஒரு பில்

வெள்ளவத்தை

அன்புள்ள மகளுக்கு,

கார்க் கம்பனியின் கணக்கில் நேரே பில் பணத்தைப் போட்டுவிடுகிறேன், காரை எடுங்கள் என்று எழுதியிருந்தாய். வேண்டாம். நீ அப்படிப் போட்டால் அவர்கள் சொல்வதை ஒப்புக்கொண்டு கட்டியதாகவே ஆகிவிடும்.

நீ பாதிக் கதைதான் அறிவாய். காலையில் பற்றரி இறங்கிக் கிடந்த காரை, வாங்கிய இடத்திலேயே திருத்தக் கொடுப்பதற்கு முதல்நாள் தெஹிவளைக் கராஜ் பையன் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தான். என்ஜின் ஓடும்போது 14.2 வோல்ட். அதாவது, ஓடும்போது பற்றரிக்கு மின்சாரம் ஏற்றும் ஓல்டனேட்டர் ஒழுங்காகச் சார்ஜ் செய்கிறது; காரை நிறுத்திய பிறகுதான் ஏதோ ஒன்று மின்சாரத்தை இழுக்கிறது. பூட்டிவைத்த கார் 50 மில்லிஅம்பியர் வரை இழுப்பது சாதாரணம். நம்முடையது அரை அம்பியருக்கு மேல் இழுத்தது. பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். ரேடியோவின் பியூஸைக் கழற்றியதும் மீட்டரில் எண் சரிந்தது; இழுத்தது அந்தப் பக்கம்தான். "வாரண்டி இருக்கிறது ஐயா, நான் கை வைத்தால் அதையே சாட்டாகச் சொல்வார்கள்" என்று பொனட்டை மூடிவிட்டான். காசும் வாங்கவில்லை.

கார் வாங்கிய இடத்தில் என்ன செய்தார்கள்? ஓல்டனேட்டரை மாற்றினார்கள். மறுநாள் காலையும் பற்றரி இறங்கிக் கிடந்தது. அதன் பிறகுதான் எலி வந்தது. எலி வயரைக் கடித்ததாம், எலி கடித்ததற்கு வாரண்டி கிடையாதாம், ஆகவே ஓல்டனேட்டரும் என் தலையிலாம். பில் 148,500 ரூபாய். கொழும்பு எலி வயரைக் கடிக்காது என்று நான் வாதாடவில்லை. குப்பை லொறி வராத வாரத்தில் நம் ஒழுங்கையைப் பார்த்தால் தெரியும். ஆனால் எலி கடித்த வயரின் உறை பல் அடையாளத்தோடு பிசிறு பிசிறாக இருக்கும். அவர்கள் காட்டிய படத்தில் வயர் குறடால் வெட்டியதுபோல நறுக்கென்று இருந்தது. கழற்றிய பாகங்களைக் கேட்டேன். எறிந்துவிட்டார்களாம்!

கார் அங்கே நின்றாலும் லீசிங் தவணை நிற்காது. அதனால் பில்லின் மேல் "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதி, அவர்களின் முத்திரையும் வாங்கிக்கொண்டு, என் பணத்தைக் கட்டிக் காரை எடுப்பேன். பிறகு லீசிங் கம்பனிக்கு ஒரு கடிதம். தவணை முடியும்வரை காரின் சொந்தக்காரர் அவர்கள்தானே, அவர்களும் வாய் திறக்கட்டும். மற்றது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் சொல்லலாம். ஆனால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, சேவை பெற்று மூன்று மாதங்களுக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். தமிழிலேயே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு இதெல்லாம் வீண் அலைச்சல். கோவிலுக்கு பஸ்ஸிலேயே போய்வரலாம் என்கிறாள்.

உன்னால் ஆக வேண்டியது ஒன்றுதான். சித்திரைக்கு வந்திருந்தபோது, கார் பூட்டியிருக்க உள்விளக்கு தானாக மினுங்குவதை வீடியோ எடுத்துச் சிரித்தாயே, அதை அனுப்பு. அப்போது எலிக் கதையே பிறக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, எடுத்த தேதி விவரம் அழிந்துவிடும். மூலக் கோப்பை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பு. வெள்ளிக்கிழமைக்கு முன் வேண்டும்.

அன்புடன்,
அப்பா