மத்து வந்து சேர்ந்தது

தாண்டிக்குடி மலையிலிருந்து
மாசி மாதம்

அன்புள்ள தோழிக்கு,

நலம். உன் நலமும் வீட்டில் அனைவர் நலமும் அறிய ஆவல். நீ அனுப்பிய பொட்டலம், காப்பி மூட்டை ஏற்ற வந்த ஜீப்பில் போன வாரம் பத்திரமாக வந்து சேர்ந்தது. பழைய வேட்டித் துணியைப் பிரித்து உன் அம்மாவின் மத்தைக் கையில் எடுத்தபோது சற்று நேரம் பேச்சு வரவில்லை. கயிறு ஓடி ஓடித் தண்டில் விழுந்திருந்த பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தேன். கல்லூரி நாளில் பொங்கல் விடுமுறைக்கு உன் ஊருக்கு வந்திருந்தபோது, திண்ணைத் தூணில் இதைக் கட்டிக் கடைந்துகொண்டிருந்த அம்மா, என் உள்ளங்கையில் ஓர் உருண்டை வெண்ணெயை வைத்து, கரைவதற்குள் தின்றுவிடச் சொன்னது நினைவிருக்கிறதா?

எங்கள் வீட்டுக்கு மின்கம்பி வரவில்லை என்பதும், கூரைமேல் உள்ள இரண்டு சூரியத் தகடுகள் விளக்குக்கும் கைப்பேசிக்கும் மட்டுமே போதும் என்பதும் உனக்குத் தெரியும். குளிர்ப்பெட்டி இல்லை; 750 வாட் மிக்ஸியை எங்கள் சிறிய இன்வெர்ட்டர் தாங்காது. ஐப்பசியில் எருமை ஈன்ற பிறகு, கன்றுக்கும் சமையலுக்கும் போக நாளொன்றுக்கு மூன்று லிட்டர் பால் மிஞ்சுகிறது. அதைத் தயிராக்கிக் கடைந்து, வெண்ணெயை உருக்கி நெய்யாக்கிவிட்டால்தான் கெடாமல் இருக்கும். ஆகவே கடைவது இங்கே அன்றாட வேலை.

மார்கழியில் முதன்முதலாகக் கடைந்த நாளை நினைத்தால் இப்போதும் தோள் வலிக்கிறது. விடியற்காலையில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கயிற்றை இழுத்தேன். நுரை தாழியின் வாய்வரை எழுந்ததே தவிர, ஒரு பொட்டு வெண்ணெய்கூடத் திரளவில்லை. பால்தான் சரியில்லையோ என்று எருமைமேல் சந்தேகப்பட்டேன். விறகு கொண்டு வந்த பாட்டி ஒருவர், தயிருக்குள் விரலை விட்டுப் பார்த்து, "குளிர்ந்து கெடக்கு, வெந்நீர் ஊத்து" என்றார். ஒரு சொம்பு வெதுவெதுப்பான நீரை ஊற்றிக் கடைந்தேன்; கால் மணி நேரத்துக்குள் வெண்ணெய் மிதந்தது. மறுநாள் வெப்பமானியை விட்டுப் பார்த்தால், தயிர் 13 டிகிரியில் இருந்தது.

அன்றிலிருந்து இதைப் பற்றி நிறைய யோசித்துவிட்டேன். பாலில் உள்ள கொழுப்பு, மெல்லிய சவ்வு போர்த்த நுண்ணிய துளிகளாக மிதக்கிறது. மத்து மாறி மாறிச் சுழலும்போது அந்தச் சவ்வு கிழிந்து, துளிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. அப்படி ஒட்டுவதற்குக் கொழுப்பு பாதி இறுகியும் பாதி இளகியும் இருக்க வேண்டும். அதிகம் குளிர்ந்தால் துளிகள் கூழாங்கல்போல முட்டிக்கொண்டு விலகும். அதிகம் சூடானால் எண்ணெயாய் இளகி மோரிலேயே சிதறிவிடும். என் கணக்கில் தயிருக்கு 20 டிகிரியை ஒட்டிய சூடு நன்றாக ஒத்துவருகிறது. கை வலுவைவிட இதுதான் முக்கியம் என்று உறுதியாகச் சொல்வேன்.

மிக்ஸியில் அடித்தால் வெண்ணெய் பிசுபிசுவென்று ஆகிவிடுகிறது என்று நீ வருத்தப்பட்டு எழுதியிருந்ததற்கும் இதுவே காரணம். சென்னைச் சமையலறையில் 30 டிகிரிக்கு மேல் வெப்பம். அதோடு பிளேடின் சூடும் சேர்கிறது. பாலாடையைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தவுடன், பனிக்கட்டி நான்கைந்து போட்டு, விட்டு விட்டு ஓட்டிப் பார். குருணை அளவுக்குத் திரண்டதும் நிறுத்திவிடு. அதற்கு மேல் ஓட்டினால் மோரும் உள்ளே சிக்கிக்கொள்ளும்.

அந்தக் கட்டத்தை நான் காதால்தான் கண்டுபிடிக்கிறேன். முதலில் நுரைக்குள் மத்து அமுங்கி, ஓசையே இல்லாமல் சுழலும். பிறகு திடீரென்று நுரை அடங்கி, 'சளக் சளக்' என்று தண்ணீர் மோதும் ஓசை கேட்கும். தூக்கிப் பார்த்தால் மத்தின் இதழ்களில் வெள்ளை நொய் ஒட்டியிருக்கும். உடனே குளிர்ந்த நீர் தெளித்து, மெதுவாக நாலு சுற்றுச் சுற்றி, நனைத்த கையால் ஒதுக்கி எடுக்கிறேன். பசு வெண்ணெய்போல மஞ்சள் இல்லை. எருமை வெண்ணெய் மல்லிகை நிறம். கழுவிய நீர் தெளியும்வரை மூன்று முறை அலசுகிறேன், மோர் தங்கினால் மறுநாளே புளித்து நாறும். மூன்று லிட்டர் பாலுக்கு 200 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கிறது.

நாலு நாள் வெண்ணெய் சேர்ந்ததும் உருக்குகிறேன். அதுவரை தண்ணீரில் மூழ்க வைத்து, காலையும் மாலையும் தண்ணீரை மாற்றுகிறேன். விறகை வெளியே இழுத்துவிட்டுக் கங்கில் மட்டும் வைத்தால், உள்ளிருக்கும் நீர் சடசடத்து வெளியேறும். அந்தச் சத்தம் அடங்கி, அடியில் கசண்டு பொன்னிறமாகும்போது ஒரு கொத்து முருங்கை இலையைப் போட்டு இறக்குகிறேன். கசண்டில் சூடான சோற்றைப் பிசைந்து கொடுத்தால் என் மகள் வேறெதுவும் கேட்பதில்லை.

இனி சித்திரை வருகிறது. பகலில் இங்கும் வெயில் ஏறும். தாழியை இரவெல்லாம் ஈரச் சாக்குச் சுற்றி வைத்து, வெள்ளி முளைக்கும் நேரத்தில் கடைந்துவிடலாம் என்றிருக்கிறேன்.

ஒரு விவரம் மட்டும் உன் அண்ணியிடம் கேட்டு எழுது. அம்மா மத்துக்கு எந்தக் கயிறு போட்டிருந்தார்? தேங்காய் நார்க் கயிறு என் கையை அறுக்கிறது. நூல் கயிறு நனைந்ததும் வழுக்குகிறது. தண்டில் உள்ள பள்ளத்தின் அகலத்தைப் பார்த்தால், அவர் போட்டது இரண்டையும்விடத் தடித்த கயிறாகத் தெரிகிறது. அடுத்த ஜீப்பில் உனக்கு ஒரு தூக்கு நெய் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி