பூவை அப்புறம் பார்க்கலாம், கவிதா

அன்புள்ள கவிதாவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். புது அடுக்குமாடி வீட்டு வாசலில் கொடி ரோஜா, பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. வாங்கும்போது இருந்த பூவெல்லாம் வாடிவிட்டது, அடுத்த மொட்டையே காணோம் என்று புலம்பியிருக்கிறாய். இந்த வருடம் மொட்டைத் தேடாதே. சின்னக் கொடி ரோஜா முதல் ஓரிரு வருடங்கள் வேரையும் நீளமான கிளைகளையும்தான் வளர்க்கும். பூக்கவில்லையே என்று நுனியைக் கத்தரித்தால் அந்த வளர்ச்சியும் போய்விடும். காய்ந்த கிளை, நோய் பிடித்த கிளை, வாடிய பூ இவற்றை மட்டும் எடு. பெரிய கவாத்தெல்லாம் இப்போது வேண்டாம்.

கொடி என்று பெயர்தானே தவிர, அது தானாக ஏறாது. முல்லை போலச் சுற்றிக்கொள்ளத் தெரியாது, பாகலுக்கு இருக்கும் பற்றுக்கம்பியும் கிடையாது. நாம்தான் கட்டிவிட வேண்டும். எப்படிக் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பூ. கிளை செங்குத்தாக வளர்ந்தால், நுனியில் சுரக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் கீழ்க் கணுக்களை முளைக்க விடாமல் அடக்கிவைக்கும். உச்சியில் மட்டும் நாலு பூ பூக்கும், அதுவும் மேல்வீட்டுக்காரர் பார்க்க! அதே கிளையைப் படுக்கைவாட்டில் வளைத்துக் கட்டினால் கணுவுக்குக் கணு பக்கக் கிளை நிமிர்ந்து எழும். பூ அதில் வரும். கிளை பச்சையாக, வளையும் பதத்தில் இருக்கும்போதே ஆரம்பி. முற்றிய கிளையை வளைத்தால் படக்கென்று முறியும். ஒரே நாளில் இழுக்காமல் வாரத்துக்குக் கொஞ்சமாக இறக்கு. பழைய வேட்டித் துணியைக் கிழித்து, எட்டு வடிவில், ஒரு விரல் நுழையும் தளர்வோடு கட்டு. கம்பியும் நைலான் கயிறும் பட்டையை அறுத்துவிடும்.

உன் வாசல் கிழக்குப் பார்த்தது என்பது நல்ல விஷயம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் நமக்குச் சூரியன் பாதி வருடம் வடக்கே, பாதி வருடம் தெற்கே சாயும். என் வீட்டுத் தாழ்வாரம் வடக்குப் பார்த்தது. ஜூனில் வெயில் விழும், டிசம்பரில் சுத்தமாக இல்லை. ரோஜாவுக்குத் தினம் ஆறு மணி நேர வெயில் இருந்தால் நல்லது. கொஞ்சம் குறைந்தாலும் காலை வெயில் இலை ஈரத்தைச் சீக்கிரம் உலர்த்தும். கரும்புள்ளி நோய் தொற்ற, இலை ஏழு மணி நேரமாவது தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும். அதனால் தண்ணீரைக் காலையில், அடிமண்ணில் ஊற்று.

மழை படாத தாழ்வாரத்தில் வேறொரு தொல்லை உண்டு, சிலந்திப்பேன். இலையின் மேல்புறம் ஊசியால் குத்தினாற்போல் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால், திருப்பிப் பார். அடியில் மெல்லிய வலையும் தூசி அளவு பூச்சிகளும் இருக்கும். காலையில் இலையின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவு, சில நாள் விட்டு மறுபடியும் செய்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதே. வைத்தே ஆக வேண்டுமென்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் கவிழ்த்துவிடு. ஏடிஸ் கொசு அதில் முட்டையிட்டிருந்தால் 200 சிங்கப்பூர் வெள்ளியாவது அபராதம், டெங்கி வந்தால் அதைவிடப் பெரிய பாடு. மேல்மண் இறுகினாலும் தண்ணீர் தேங்கும், அதையும் கிளறிவிடு. உரம் கொஞ்சம் கொஞ்சமாக, ஈர மண்ணில். மீன் உரம் நல்லதுதான், ஆனால் தாழ்வாரமே நாறும். பக்கத்து வீட்டாரோடு இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறாய், வேண்டாம்.

இலை உதிர்வதைப் பார்த்துப் பயப்படாதே. இங்கே விற்கும் ரோஜாக்களில் பல மலேசியாவின் கேமரன் மலைக் குளிரில் வளர்ந்தவை, நம் வெக்கைக்குப் பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும். கரையோரப் பூந்தோட்டத்து ஃபிளவர் டோமில் பார்த்த ரோஜாவோடு இதை ஒப்பிட்டு மனசைக் கெடுத்துக்கொள்ளாதே. அங்கே இருப்பவை குளிரூட்டிய கண்ணாடிக் கூடத்தில் வாழ்கின்றன.

கடைசியில் 45 சென்டிமீட்டர் ஆழத் தொட்டியாவது தேவைப்படும். கொடி படரும் சட்டத்தைத் தொட்டிக்குள்ளேயே ஊன்றிவிடலாம். ஆனால் பொதுத் தாழ்வாரத்தில் நடக்க 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும், தீயணைப்பு விதி. அடுத்த வாரம் தாம்சன் ரோடு நர்சரிப் பக்கம் போகிறேன். அதற்குள் வாசலை அளந்து, எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று சொல்லு, தொட்டியை நானே வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா