ஐஸ் டைப்புக்குக் கொஞ்சம் தாங்கும் சக்தி கொடுங்கள்: போக்கிமான் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

போக்கிமான் விளையாட்டுகளை வடிவமைப்பவர்களுக்கு,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு போக்கிமானுக்கும் ஃபயர், கிராஸ், ஐஸ் என ஒன்றோ இரண்டோ டைப் (வகை) உண்டு, அது அடிக்கும் அடிக்கும் ஒரு டைப் உண்டு. அதில் ஐஸ் டைப்பை இத்தனை வருடமாக அடி தாங்க வழியில்லாமல் விட்டு வைத்திருக்கிறீர்கள், அதை மாற்றுங்கள்.

ரூபி, சஃபையர் விளையாட்டுகளில் ரெஜிஐஸ் என்ற ஐஸ் போக்கிமானைத் தேடிப் போனவர்களுக்குத் தெரியும், அது சும்மா கிடைக்காது. கடலுக்கடியில் இருக்கும் அறையில் பிரெய்ல் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும், அணியில் வெய்லார்ட், ரெலிகாந்த் என்ற இரண்டு போக்கிமான்களும் இருக்க வேண்டும், அப்புறம் ஒரு குகைக்குள் போய் இரண்டு நிமிடம் எந்தப் பொத்தானையும் தொடாமல் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்துதான் நானும் பிடித்தேன். பனி யுகத்தில் உருவான உடல், நெருப்பால்கூட உருக்க முடியாது என்று விளையாட்டுக்குள் இருக்கும் போக்கிமான் விவரக் கையேடான போக்கிடெக்ஸ் சொல்கிறது. படித்தபோது சிலிர்த்தது. ஆனால் சண்டையில் அதே ரெஜிஐஸ் மீது ஒரு ஃபயர் மூவ் (தாக்குதல்) விழுந்தால் இரண்டு மடங்கு அடி! ஸ்பெஷல் டிஃபென்ஸ் (பிசிக்கல், ஸ்பெஷல் என்ற இரு வகை அடிகளில் ஸ்பெஷலைத் தாங்கும் திறன்) 200 இருந்தும் அதன் பாதிப் பயனை டைப்பே தின்றுவிடுகிறது. நீங்களே எழுதிய கதையை, எந்த டைப் எதை எவ்வளவு அடிக்கும் என்று நீங்களே போட்ட அட்டவணை பொய்யாக்குகிறது என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். ஃபயர் நான்கு டைப்புகளை இரட்டிப்பாக அடிக்கும்: கிராஸ், ஐஸ், பக், ஸ்டீல். அந்த நான்கும் திருப்பி அடித்தால் ஃபயருக்குப் பாதி அடிதான் விழும். ஃப்ளையிங்கும் அப்படியே, தான் வெல்லும் மூன்றையும் தாங்கும். ஐஸும் நான்கை அடிக்கிறது: கிராஸ், கிரவுண்ட், ஃப்ளையிங், டிராகன். அந்த நான்கில் ஒன்றைக்கூடத் தாங்காது. அது தாங்குவது இன்னொரு ஐஸ் அடியை மட்டும். பலவீனமோ நான்கு: ஃபயர், ஃபைட்டிங், ராக், ஸ்டீல்.

இப்படி இருந்தால் யார் முந்தி அடிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் வெற்றி. அதனால் வேகமான ஐஸ் போக்கிமான் பிழைத்துக்கொள்ளும். ஆனால் நீங்கள் வரைந்து கொடுத்தவற்றில் பல, மலை மாதிரி உடம்பும் ஆமை வேகமும் கொண்டவை. அப்படியொரு ஐஸ் போக்கிமானான அவலக்கின் டிஃபென்ஸ் (பிசிக்கல் அடியைத் தாங்கும் திறன்) 184, வேகம் 28. சுவர் போல நிற்கத்தானே அதைப் படைத்தீர்கள்? ஐஸ் அடித்தால், டிராகன், கிரவுண்ட் இரண்டு டைப்பும் சேர்ந்த கார்சோம்ப்புக்கு நான்கு மடங்கு வலி, ஆனால் அந்தக் கார்சோம்ப்பின் எர்த்க்வேக் என்ற கிரவுண்ட் மூவ் அவலக் மீது ஒரு துளியும் குறையாமல் இறங்குகிறது.

2006-இல் வந்த ஸ்டெல்த் ராக் (களத்தில் நுழையும் எதிரியைக் கற்களால் காயப்படுத்தும் ராக் மூவ்) இதை இன்னும் மோசமாக்கியது. தனி ஐஸ் டைப் களத்துக்குள் காலை வைத்ததுமே கால்வாசி உயிர் போகும், ஐஸும் ஃப்ளையிங்கும் சேர்ந்த ஆர்டிகுனோவுக்குப் பாதியே போய்விடும், அது இன்னும் ஒரு மூவ்கூடச் செய்திருக்காது. பின்னாளில் அந்தக் காயத்தைத் தடுக்க, போக்கிமான் மாட்டிக்கொள்ளும் ஹெவி டியூட்டி பூட்ஸ் கொடுத்தீர்கள், சரி, ஆனால் அதை மாட்டினால் வேறு எதையும் வைத்துக்கொள்ள முடியாதே.

2022-இல் ஆலங்கட்டி மழைக்குப் பதில் பனிப்பொழிவைக் கொண்டுவந்து, அப்போது ஐஸ் டைப்புக்கு டிஃபென்ஸ் 50 சதவீதம் கூடும்படி செய்தீர்கள். அதற்கு மனதார நன்றி. ஆனால் அது சில டர்ன்களில் நின்றுவிடும், ஸ்பெஷல் அடிகளுக்கும் உதவாது.

ஐஸ் டைப்பிலும் பலசாலியாகச் சியென்-பாவ் இருக்கிறதே, பாக்ஸ்கலிபர் இருக்கிறதே என்பீர்கள். சியென்-பாவின் வேகம் 135. அது ஜெயிப்பது முந்தி அடிப்பதால்தான், ஐஸாக இருந்து தாங்குவதால் அல்ல.

அட்டவணையில் கை வைக்க முடியாது என்றும் சொல்ல முடியாது. 1996-இல் வந்த முதல் விளையாட்டில் கோஸ்ட் அடி சைக்கிக் மேல் படவே படாது, 1999-இல் திருத்தினீர்கள். 2013-இல் ஸ்டீலிடமிருந்து கோஸ்ட், டார்க் இரண்டையும் தாங்கும் சக்தியை எடுத்தீர்கள். முதல் தலைமுறையில் ஐஸ் அடியை ஃபயர் முழுதாக வாங்கியது, அதையும் அடுத்த தலைமுறையிலேயே பாதியாக்கி, ஐஸைத் தாங்கவும் அடிக்கவும் ஸ்டீலையும் புதிதாகக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். பிடுங்கியதுதான் நடந்தது, இந்த அட்டவணையில் ஐஸுக்கு எதுவும் திருப்பித் தரவில்லை.

நான் கேட்பது இரண்டுதான். அடுத்த தலைமுறை விளையாட்டில் ஐஸ் டைப், கிராஸ் அடியையும் கிரவுண்ட் அடியையும் பாதியாக்கட்டும். கடும் பனியில் செடி கருகும், மண் இறுகிப் பாறையாகும், சின்னப் பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்படாது. டிராகனைத் தாங்கும் சக்தி கேட்கவில்லை, அது அதிகம். வேகமான ஐஸ் போக்கிமான்கள் கட்டுக்கடங்காமல் போய்விடுமோ என்ற பயமும் வேண்டாம், சியென்-பாவின் ஆறு பலவீனங்களில் கிராஸ், கிரவுண்ட் இரண்டும் இல்லவே இல்லை. பயன்பெறப் போவது அவலக், ரெஜிஐஸ் மாதிரி நின்று அடி வாங்கும் போக்கிமான்கள்தான்.

அப்படியே ரெஜிஐஸுக்கு மட்டும், ஃபயர் அடியைப் பாதியாக்கும் ஓர் எபிலிட்டியும் (தனித்திறன்) கொடுத்தீர்கள் என்றால் போக்கிடெக்ஸில் எழுதியது உண்மையாகிவிடும்.

இப்படிக்கு,
அணியில் எப்போதும் ஓர் ஐஸ் டைப் வைத்திருக்கும் ரசிகன்