ரீட் என்று பேர் வைத்தால் போதுமா?

கிருஷ்ணகிரி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. நீயே எழுதும் கெர்னலில் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உள்மையம்) டிவைஸ் எல்லாவற்றையும் ஃபைலாகவே வைக்கப்போவதாகச் சொல்லியிருந்தாய்; அதற்குப் பிறகு வருகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், அம்மாவின் மூட்டுவலி மட்டும் அப்படியே இருக்கிறது. மாங்காய் சீசன். பெங்களூரா மாங்காய் ஏற்றிய வண்டிகள் கூழ் ஃபேக்டரி வாசலில் ராத்திரியெல்லாம் வரிசை கட்டி நிற்கின்றன. விலையை மட்டும் அப்பாவிடம் கேட்டுவிடாதே.

அந்த வண்டிகளால் எனக்கும் பிழைப்பு ஓடுகிறது. எடை மேடைக்கு ஒரு கன்ட்ரோலர், லினக்ஸில், ஓசூர் ஆபீஸில் செய்துகொண்டிருக்கிறோம். புதிதாகச் சேர்ந்த பையன் அதற்கு டிரைவர், அதாவது கருவியோடு பேசும் கெர்னல் நிரல், எழுதினான். கருவியை ஃபைல் மாதிரி காட்டும் டிவைஸ் ஃபைலை, ஃபைலில் உள்ளதைத் திரையில் கொட்டும் கேட் கட்டளை போட்டுப் பார்த்தான். எடை வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. கன்ட்ரோல்-சி அடித்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. ஃபைலைப் படிக்கும் ரீட், ‘இனி ஒன்றுமில்லை’ என்று ஜீரோ திருப்பும்வரை கேட் விடாது. இவன் டிரைவரோ எதுவரை படித்தாயிற்று என்று சொல்லும் ஆஃப்செட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கூப்பிட்ட போதெல்லாம் புது எடையைக் கொடுத்துக்கொண்டிருந்தது. ரீட், ரைட் வந்தால் எதைக் கூப்பிடுவது என்று சொல்லும் ஃபைல் ஆபரேஷன்ஸ் ஸ்ட்ரக்சரில் ஃபங்ஷன் பாயின்டர்களை எல்லாம் ஒழுங்காகத்தான் நிரப்பியிருந்தான். கெர்னலும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. இப்போது ஒரு எடை கொடுத்ததும் அடுத்த ரீடுக்கு ஜீரோ. புது எடை வேண்டுமென்றால் ஆரம்பத்துக்கு சீக் செய்து (படிக்கும் இடத்தை நகர்த்தி) படிக்க வேண்டும், லினக்ஸ் கருவி விவரங்களை ஃபைலாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ் பாணியில்.

உன் கெர்னலில் எல்லாவற்றையும் ஃபைலாகவே வைக்கப்போவதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் இந்தப் பையன்தான் ஞாபகத்துக்கு வந்தான். ஓப்பன், ரீட், ரைட், குளோஸ் என்று பேரை ஒன்றாக வைப்பது அரை நாள் வேலை. எப்போது ஜீரோ திருப்பலாம், கேட்டதைவிடக் குறைத்துக் கொடுக்கலாமா, எவ்வளவு நேரம் காக்க வைக்கலாம் என்பதில் எல்லா டிவைஸையும் ஒரே பேச்சுக்குக் கொண்டுவருவதுதான் கஷ்டம்.

யூனிக்ஸ் வழி வந்தவர்களே இதில் பாதிதான் ஜெயித்தார்கள். ஒரு ப்ராசஸிலிருந்து இன்னொன்றுக்கு டேட்டா போகும் பைப்பில் எல்சீக் செய்து இடத்தை நகர்த்தப் பார்த்தால், ஈஎஸ்பைப் என்ற பிழை கொடுத்து முகத்துக்கு நேராக மறுத்துவிடும்; அது எனக்குப் பிடிக்கும். டிஸ்கில் இருக்கிற ஃபைலை, ‘காக்க வைக்காதே’ என்னும் ஓ-நான்பிளாக் போட்டுத் திறந்து பார். பிழை ஏதும் வராது. படிக்கப் போனால் டிஸ்க் பதில் சொல்லும்வரை ப்ராசஸ் தூங்கும். படிக்கத் தயாரா என்று விசாரிக்கும் ‘போல்’ (poll) மூலம் கேட்டால் எப்போதும் ‘தயார்’. அதே வேலை செய்யும் லினக்ஸின் ஈபோல் (epoll) ஒன்றுதான் யோக்கியன், சாதாரண ஃபைலைக் கொண்டுபோனால் ஈபெர்ம் பிழை கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

எழுதியதை டிஸ்கில் இறக்கச் சொல்லும் எஃப்சிங்க் கதை இன்னும் மோசம். 2018-ல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்காரர்கள் தலையில் கைவைத்தது உனக்கும் நினைவிருக்கும். டிஸ்கில் எழுத முடியாமல்போன நினைவகப் பக்கங்களை லினக்ஸ் ‘எழுதியாச்சு’ என்று குறித்துவிடும். அதனால் முதல் எஃப்சிங்கில் பிழை வந்தாலும் அடுத்ததில் ‘சரி’ என்று வரும், டேட்டா போன இடம் தெரியாது. கடைசியில் அவர்கள் முதல் பிழையிலேயே சர்வரை நிறுத்தி, மாற்றங்களைக் குறித்துவைத்த லாகிலிருந்து மீட்டுக்கொள்வதாக மாற்றினார்கள். பிழையை எத்தனை முறை, யாருக்குச் சொல்வது என்பதையும் உன் விதிகளில் எழுதிவிடு.

டிவைஸுக்குத் தனிக் கட்டளைகள் அனுப்பும் ஐஓசிடிஎல் வேண்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். 1979-ல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் நுழைந்தது. ரீட், ரைட்டில் அடங்காததெல்லாம் அன்றிலிருந்து அதற்குள்தான் போய் விழுகிறது. பிளான் 9 என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் செய்தது மாதிரி, கட்டளைகளை எழுத்தாக எழுத ஒரு கன்ட்ரோல் ஃபைல் வை. அங்கே டிசிபி நெட்வொர்க் இணைப்புக்குக்கூட, புது இணைப்பு தரும் குளோன் ஃபைலைத் திறந்து, அதிலேயே ‘கனெக்ட்’ என்று முகவரியோடு எழுதினால் முடிந்தது. கெர்னலுக்குள் எழுத்தைப் பிரித்துப் படிப்பது வீண் செலவு என்பாய். உன்னிடம் இருப்பது ஏழெட்டு டிவைஸ், அந்தச் செலவு எங்கே தெரியப்போகிறது?

டிரைவர் எழுத உட்காருவதற்கு முன்னால் ரீடுக்கான விதிகளை ஒரு பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்பு. நெட்வொர்க்கைப் பற்றி நீ வாயே திறக்கவில்லை. டிசிபியில் ஜீரோ வந்தால் எதிர்முனை முடித்துக்கொண்டது என்று அர்த்தம். இணைப்பு இல்லாமல் தனித்தனி பாக்கெட்டாக அனுப்பும் யூடிபியில் காலி பாக்கெட் வந்தாலும் அதே ஜீரோதான். அதை என்ன செய்யப்போகிறாய்?

அன்புடன்,
ரகு