கண்ணை அளக்கும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்: ஒரு திறந்த மடல்

மருத்துவமனை நிர்வாகத்துக்கும் மயக்கவியல் துறைத் தலைவர் அவர்களுக்கும் வணக்கம்.

வயிற்றில் சிறு துளைகளிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபி முறையில் கருப்பை அகற்றப்பட்ட என் தாயாருக்கு அன்றிரவு நேர்ந்ததைத் தாங்கள் அறிவீர்கள். என் புகாருக்குத் தாங்கள் அனுப்பிய பதிலும் கிடைத்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலையும் வாந்தியையும் முன்கூட்டியே கணிப்பதற்காக, பார்வை நரம்பின் உறையை அல்ட்ராசவுண்டில் அளந்து பார்க்கும் ஆய்வொன்றைத் தங்கள் துறை தொடங்கவிருப்பதாக அதில் எழுதியிருக்கிறீர்கள். ஆய்வை வரவேற்கிறேன், ஆனால் அதை என் புகாருக்கான பதிலாக ஏற்க இயலவில்லை.

அன்று அவரை வலியைவிட வாந்தியே வதைத்தது. ஒவ்வொரு முறை ஓங்கரிக்கும்போதும் துளையிட்ட இடங்கள் இழுபட, தையல் பிரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் இரு கைகளாலும் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெறும் பித்தநீரைத் துப்பியபடி விடியும்வரை கிடந்தார். வலி மாத்திரை உள்ளே தங்கவில்லை. தண்ணீரைக் காட்டினாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். மயக்க மருந்து கொடுத்தால் இப்படித்தான் இருக்கும் என்றார் செவிலியர். அவரை நான் குறைகூறவில்லை.

இப்படித்தான் இருக்கும் என்று தெரியுமானால், தடுப்பு மருந்து ஏன் முன்பே தரப்படவில்லை? யாருக்கு வாந்தி வரக்கூடும் என்று கணிக்க மயக்கவியல் மருத்துவர் கிறிஸ்டியன் ஆப்ஃபெலும் அவருடைய குழுவினரும் 1999-இல் வெளியிட்ட மதிப்பீட்டு முறையைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெண்ணா, புகைபிடிக்காதவரா, பயணத்திலோ முந்தைய அறுவை சிகிச்சையிலோ வாந்தி எடுத்தவரா, பின்னர் மார்ஃபின் வகை வலி மருந்து தேவைப்படுமா என்ற நான்கே கேள்விகள்; ஒவ்வொரு ஆமுக்கும் ஒரு புள்ளி. எதுவும் பொருந்தாதவருக்குக் குமட்டலோ வாந்தியோ வரும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம்; நான்கும் பொருந்தினால் 80 சதவீதத்தை ஒட்டி வரும். நம் ஊர்ப் பெண்களில் பெரும்பாலோர் புகைபிடிக்காதவர்கள் என்பதால், இரண்டு புள்ளிகளோடுதான் அறுவை அரங்குக்குள்ளேயே நுழைகிறார்கள். என் தாயாரோ ஏற்காட்டுப் பேருந்தில் கொண்டை ஊசி வளைவுகள் வருமுன்னரே எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுப்பவர். அதை ஒருவரும் கேட்கவில்லை. காப்பீட்டு எண்ணை மட்டும் படிவத்தின் பக்கந்தோறும் கேட்டிருந்தீர்கள். வரவேண்டிய பணத்தைக் கணிக்கும் கலையில் தங்கள் மருத்துவமனைக்கு எந்த ஆய்வும் தேவைப்படாது போலும். கடுமைக்கு மன்னிக்கவும்; கோரிக்கைக்கு வருகிறேன்.

வயிற்றில் கார்பன் டை ஆக்சைடை நிரப்பித் தலையைத் தாழ்த்திப் படுக்க வைக்கும்போது மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடுகிறது, அதனால் பார்வை நரம்பின் உறை விரிகிறது என்பதால், அந்த விரிவுக்கும் வாந்திக்கும் உள்ள தொடர்பைத் தேடுவது நியாயமே. ஆனால் மூடிய இமைமேல் கருவியை வைத்து, கண்கோளத்துக்கு 3 மில்லிமீட்டர் பின்னால் எடுக்கப்படும் அந்த அளவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வேறுபாடுகளே பேசுகின்றன. அதற்குக் கருவியும் தேர்ந்த கையும் வேண்டும். கேள்விக்கோ ஒரு பேனா போதும். இத்தகைய ஆபத்துக் காரணிகள் ஒன்றிரண்டு உள்ள பெரியவர்களுக்கே இரண்டு தடுப்பு மருந்துகள் தரலாம் என்று 2020-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. வாந்தியைத் தடுக்கும் ஒண்டான்செட்ரானும் டெக்ஸாமெத்தசோனும் தங்கள் மருந்தகத்தில் இல்லாதவையும் அல்ல, விலை மிகுந்தவையும் அல்ல.

ஆகவே, அறுவை சிகிச்சைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் அந்த நான்கு கேள்விகளைக் கேட்டு, விடையை நோயாளிக் குறிப்பில் பதிந்து, தேவையானவர்களுக்குத் தடுப்பு மருந்தை அறுவை அரங்கிலேயே தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கண் ஆய்வு தொடங்கும்போது, கேள்விகளுக்கு அப்பால் அந்த அளவு புதிதாக என்ன சொல்கிறது என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கணிப்பு பலிக்கிறதா என்று பார்ப்பதற்காக எந்தப் பெண்ணுக்கும் மருந்தை நிறுத்தி வைக்காதீர்கள். இவை எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வரும் என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
நோயாளியின் மகள்